கேரக்டர் அனிமேஷன் படிக்கிறேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கோவையில் தங்கி அனிமேஷன் பட்டப்படிப்பு படிக்கிறேன், கடைசி வருஷம். ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, தாராபுரம் என்று எங்கெங்கிருந்தோ பிளஸ் டூ பசங்க, அவர்களுடைய அப்பா அம்மா, முதல் வருஷ ஜூனியர்கள் எல்லாரும் வாட்ஸப்பில் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். சில பதில் நீளம், சில பதில் ரெண்டு வரி. எனக்குத் தெரிந்தது த்ரீடி கேரக்டர் அனிமேஷன் மட்டும். விஎஃப்எக்ஸ், எடிட்டிங் பற்றியெல்லாம் அந்தந்த ஆளைப் பிடியுங்கள்.

கேரக்டர் அனிமேஷன் என்றால் என்ன? கார்ட்டூன் வரைவதா?

இல்லைங்க. த்ரீடி படத்தில் உருவத்தைச் செய்பவர் மாடலர். அதற்குள் எலும்பும் மூட்டும் வைத்து, ஆட்டுவதற்கான கன்ட்ரோல்களைப் பொருத்துபவர் ரிக்கர். தோல், துணி, நிறம் பார்ப்பவர் வேறு, வெளிச்சம் வைப்பவர் வேறு. உருவமும் ரிக்கும் முடிந்து எங்கள் கைக்கு வரும்போது அந்தப் பொம்மை ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கும். அதை நடக்க, உட்கார, முறைக்க, பொய் சொல்ல வைப்பது அனிமேட்டர் வேலை. அதாவது நடிப்பு. என்ன, திரையில் ஒரு நொடி நடிப்பதற்கே நாள் முழுக்கப் போய்விடும்.

"ஏங்கண்ணு, பொம்மைக்கு உசுரு குடுக்கறாப்பலயா?" என்று எங்கள் அம்மிச்சி (பாட்டி) கேட்டார். நான் ஒரு பத்தியில் விளக்கியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆனால் உசுருக்கு முன்னால் எடை. பொம்மைக்கு எடை இருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் மீதி நடிப்பை ஜனங்கள் நம்புவார்கள். எடை தெரியவில்லை என்றால் முகத்தில் எவ்வளவு பாவம் வைத்தாலும் நம்ப மாட்டார்கள். கீழே எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் நான் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வரையவே வராது. சேரலாமா?

சேரலாம். எங்கள் பேட்ச்சில் நன்றாக அனிமேட் செய்கிற ரெண்டு பேருக்கு ஒரு கை விரல் ஒழுங்காக வரையத் தெரியாது. ஆனால் குச்சி மனுஷன் வரையத் தெரிய வேண்டும். ஒரு ஷாட் ஆரம்பிக்கும் முன் அந்த ஆள் எப்படி நிற்கிறான், முதுகு எந்தப் பக்கம் வளைகிறது, எந்தக் காலில் நிற்கிறான் என்று பெட்டி பெட்டியாக நோட்டில் கிறுக்கிப் பார்த்துவிட்டால் கம்ப்யூட்டரில் அரை நாள் மிச்சம். தலையிலிருந்து பாதம் வரை ஒரே கோடு ஓடுவது மாதிரி நினைத்துக்கொண்டு முதலில் அந்தக் கோட்டைப் போட வேண்டும், கை கால் எல்லாம் அப்புறம்.

பிளெண்டரா மாயாவா?

ரெண்டும் த்ரீடி அனிமேஷன் செய்யும் சாஃப்ட்வேர். கையில் காசு இல்லை என்றால் பிளெண்டர், யோசிக்கவே வேண்டாம். முழுக்க இலவசம். 2002 இல் பொதுமக்களிடம் 1,00,000 யூரோ திரட்டி அதன் மூல நிரலை விடுவித்தார்கள், அன்றிலிருந்து யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம். "இலவசமா குடுக்கறதுல என்ன கத்துக்க முடியும்" என்று சந்தேகப்படும் அப்பாக்களுக்கு ஒரு தகவல்: 2025 இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய ஃப்ளோ என்கிற லாட்வியப் படம் பிளெண்டரில் செய்தது. அதில் ஒரு வரி வசனம் கிடையாது, எல்லாம் விலங்குகள். எங்களை மாதிரி ஆட்கள் பிரேம் பிரேமாக (ஒவ்வொரு நிலைப்படமாக) நிறுத்திப் பார்க்க வேண்டிய படம்.

பெரிய ஸ்டுடியோக்களில் கேரக்டர் வேலைக்கு இன்னும் மாயாதான் அதிகம். மாணவர் என்று நிரூபித்தால் அதைச் செய்யும் ஆட்டோடெஸ்க் கம்பெனி ஒரு வருஷத்துக்கு இலவசமாகக் கொடுக்கிறது, வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ளலாம். எங்கள் கோர்ஸில் மாயா, வீட்டில் பிளெண்டர் என்று ரெண்டையும் ஓட்டுகிறேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் முதல் வாரம் ஷார்ட்கட் எல்லாம் தப்புத் தப்பாக அமுக்கிக் கத்துவீர்கள், அவ்வளவுதான். கீஃபிரேம் (நாம் போஸ் வைக்கும் பிரேம், சுருக்கமாகக் கீ), கர்வ் (அசைவைக் காட்டும் கோடு), போஸ் எல்லாம் ரெண்டிலும் ஒன்றே.

பழகுவதற்குக் கேரக்டரை நீங்களே செய்ய வேண்டாம். பிளெண்டர் ஸ்டுடியோ வெளியிட்ட ரெயின், ஸ்னோ என்கிற ரிக்குகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தாராளமாகப் போதும்.

எந்த லேப்டாப் வாங்க?

மாடல் பெயர் கேட்காதீர்கள், ஆறு மாசத்தில் மாறிவிடும். 16 ஜிபி ரேம், ஓரளவு வேகமான பிராசஸர். ரிக்கை ஆட்டும்போது உழைப்பது பெரும்பாலும் பிராசஸர்தான். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு ரெண்டரிங் (கடைசிப் படங்களைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி எடுப்பது) செய்பவர்களுக்குத்தான் அதிகம் உதவும், நமக்கு நடுத்தரமானதே போதும். நடுச் சக்கரத்தை அமுக்கக்கூடிய மூணு பட்டன் மவுஸ் கட்டாயம், டச்பேடில் அனிமேட் செய்கிறேன் என்று கிளம்பினால் மணிக்கட்டு போய்விடும்.

முதல் செமஸ்டர் முழுக்கப் பந்தையே உருட்டச் சொல்கிறார்களே, ஏன்?

இதைக் கேட்காத ஜூனியரே கிடையாது. எல்லாருக்கும் முதல் நாளே சண்டைக் காட்சி செய்ய ஆசை. ஆனால் பந்துக்கு முகம் கிடையாது, கை கிடையாது, ஏமாற்ற வழியே கிடையாது. எப்போது எங்கே இருக்கிறது என்ற ஒன்றை வைத்துக்கொண்டே இது ரப்பர், இது இரும்பு, இது தண்ணீர் நிரப்பிய பலூன் என்று பார்ப்பவருக்குத் தெரிய வைக்க வேண்டும்.

பந்தை விடுங்கள், பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மீட்டர் உயர மரத்திலிருந்து ஒரு காய் விழுகிறது என்றால் தரைக்கு வர ஒன்றரை நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். சினிமாக் கணக்கில் நொடிக்கு 24 பிரேம், ஆக 37, 38 பிரேம். இதில் முதல் பிரேமில் காய் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கியிருக்காது. கடைசிப் பிரேமில் மட்டும் 60 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும். நடுவில் ஒவ்வொரு பிரேமுக்கும் இறங்கும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் கூடிக்கொண்டே போகும். இந்த இடைவெளியைத்தான் ஸ்பேசிங் என்கிறோம். மொத்தம் எத்தனை பிரேம் என்பது டைமிங். ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார். அதே 38 பிரேமைச் சமமாகப் பங்கு போட்டுக் காயை இறக்கிப் பாருங்கள், யாரோ கயிற்றில் கட்டி இறக்குவது மாதிரி இருக்கும்.

அடுத்து கிராஃப் எடிட்டர், அதாவது கர்வ்களைப் பார்த்துத் திருத்தும் ஜன்னல். பந்து எகிறிக் குதிப்பதன் உயரக் கர்வ், வரிசையாக நிற்கும் வளைவுகள் மாதிரி வர வேண்டும். உச்சியில் வட்டமாகத் திரும்பும், தரையில் கூர்மையாக ஒடியும். சாஃப்ட்வேர் தானாக வைக்கும் ஹேண்டில் (கோட்டை வளைக்கும் பிடி) தரையிலும் வட்டமாக்கிவிடும், பந்து தரையைத் தொட்டதும் பசையில் ஒட்டி எழுவது போலத் தெரிவது அதனால்தான். அந்தக் கீயின் ஹேண்டிலை உடைத்து ரெண்டு பக்கமும் தனித்தனியாக இழுத்துவிட்டால் உடனே பந்து துள்ளும். சின்ன விஷயம், ஆனால் பிற்பாடு ஓடும் கால், அடிக்கும் கை, மேஜையில் வைக்கும் டம்ளர் எல்லாவற்றிலும் இதே ஒடிவு வந்து நிற்கும்.

அனிமேஷனின் 12 விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

எக்ஸாமுக்கு வேண்டுமென்றால் செய்யுங்கள். டிஸ்னியில் பல வருஷம் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981 இல் ஒரு புத்தகத்தில் தொகுத்தவை அவை. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அங்கே புழக்கத்தில் இருந்தவைதான். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், ஷாட்டில் உட்கார்ந்தால் ஒன்றும் ஞாபகம் வராது.

எனக்கு உண்மையில் பிடிபட்ட இடம் வள்ளி கும்மி. இப்போது நம் பக்கம் எந்தக் கோயில் நோம்பி என்றாலும் ஒரே நிறச் சேலை கட்டி நூற்றுக்கணக்கில் ஆடுகிறார்கள், ஃபோனைத் திறந்தால் வீடியோ கொட்டிக் கிடக்கிறது. இந்தக் கலையைக் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024 இல் பத்மஸ்ரீ வந்ததும் இன்னும் பிரபலமாகிவிட்டது. அதில் ஒரு வீடியோவை எடுத்து, ஒரு அம்மா குனிந்து திரும்பிக் கை தட்டும் இடத்தை மட்டும் பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டுக் கமாவும் முற்றுப்புள்ளியும் அமுக்கினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். முதலில் திரும்புவது இடுப்பு. நெஞ்சு கொஞ்சம் பிந்தி வரும், அதற்கும் பிந்தித் தோள், முழங்கை, கடைசியில் உள்ளங்கை. அவர் திரும்பி முடித்து நின்ற பிறகும் முந்தானையும் பின்னலும் இன்னும் வந்துகொண்டே இருக்கும். புத்தகத்தில் ஃபாலோ த்ரூ, ஓவர்லாப்பிங் ஆக்‌ஷன் என்று இருப்பது இதுதான். கை போகும் பாதை நேர்க்கோடாக இருக்காது, வளைவாகவே இருக்கும், அது ஆர்க். குனிவதற்கு முன் உடம்பு ஒரு துளி மேலே எழும்பும், அது ஆன்டிசிபேஷன். ஒரே அசைவில் மூணு விதி.

புதிதாகப் படிப்பவர்கள் எல்லா உறுப்பையும் ஒரே பிரேமில் நிறுத்துவார்கள். அந்த ஒன்றைத் திருத்தினாலே வேலை பாதி நன்றாகிவிடும்.

வாக் சைக்கிள் (திரும்பத் திரும்ப ஓட விடும் ஒரு சுற்று நடை) ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஏனென்றால் நடப்பதை எல்லாரும் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். டிராகன் பறப்பதில் தப்பு இருந்தால் யாருக்கும் தெரியாது. மனுஷன் நடப்பதில் தப்பு இருந்தால் எங்கள் அம்மிச்சிகூடச் சொல்லிவிடுவார், "என்னமோ நொண்டற மாதிரி இருக்குது" என்று.

கணக்கு எளிது. சாதாரண நடைக்கு ஒரு அடிக்கு 12 பிரேம், ரெண்டு அடி சேர்ந்து 24 பிரேமில் ஒரு சுற்று. பிரேம் 1 இல் குதிகால் தரையைத் தொடுகிறது, இது கான்டாக்ட். 4 இல் உடம்பு எடை முழுக்க அந்தக் காலில் இறங்கி மொத்த உருவமும் தாழ்கிறது, டவுன். 7 இல் பின்கால் முன்காலைத் தாண்டிப் போகிறது, பாஸிங். 10 இல் விரல் நுனியில் எம்பி உயர்கிறது, அப். 13 இல் மறுகால் தரையைத் தொடுகிறது. இந்தப் போஸ்களை யார் வேண்டுமானாலும் பார்த்து வைத்துவிடலாம், வைத்ததும் பொம்மை நடக்கவும் செய்யும், ரோபோ மாதிரி.

குறை எப்போதும் இடுப்பில் இருக்கும். ஒரு காலைத் தூக்கினால் உடம்பு மற்றக் காலின் மேல் நகர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவோம். அதனால் பாஸிங்கில் இடுப்பு ஊன்றிய கால் பக்கம் போகும், தூக்கிய கால் பக்கம் இடுப்பெலும்பு கொஞ்சம் தொங்கும். முன்னால் போகும் காலோடு இடுப்பும் முன்னால் திரும்பும், தோள் அதற்கு எதிராகத் திரும்பும். எங்கள் சார் கையையும் தலையையும் மறைத்துவிட்டு இடுப்பும் காலும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துத்தான் வாக் சைக்கிளைத் திருத்துவார். அது மட்டும் பார்க்க நடையாகத் தெரிந்தால்தான் கை பக்கம் போக விடுவார்.

அடிப்படை வந்த பிறகு ஊருக்குள் இறங்குங்கள். எங்கள் ஊரில் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், நெல் வயல். வரப்பில் நடப்பவரைப் பின்னாலிருந்து பாருங்கள்: ரெண்டு பாதமும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழும், கை உடம்பைவிட்டுக் கொஞ்சம் விலகி நிற்கும், பார்வை கீழே. அதே ஆள் தார் ரோட்டில் ஏறியதும் பாதங்கள் அகலும், தலை நிமிரும். இடுப்பில் தண்ணிக் குடம் வைத்து வருபவரைப் பாருங்கள். குடம் இடப்பக்கம் என்றால் முதுகு வலப்பக்கம் சாயும், சும்மா இருக்கும் வலக்கை வெளியே வீசும், அடி சின்னச் சின்னதாக இருக்கும். தண்ணி தளும்பாமல் இருக்க உடம்பு ஏறி இறங்குவதையே அவர் குறைத்துக்கொள்வார். குடத்துக்குள் தண்ணி இருப்பதை நான் த்ரீடியில் காட்டவே வேண்டியதில்லை, அந்த முதுகின் சாய்வே சொல்லிவிடும். காலிக் குடத்தோடு போகும்போது அதே அம்மா நடப்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தலையில் புல்லுக்கட்டு இருந்தால் வேறு கதை, கழுத்துக்கு மேலே எதுவும் ஆடாது, ஆட்டமெல்லாம் இடுப்புக்குக் கீழே.

ரெண்டு டெக்னிக்கல் தொல்லை: ஊன்றிய பாதம் தரையில் வழுக்குவது, முட்டி ஒரு பிரேமில் சட்டென்று விறைப்பது. முதலாவதற்கு, ஒரே இடத்தில் நடக்கும் சைக்கிளில் ஊன்றிய பாதம் பின்னால் போகும் கர்வ் நேர்க்கோடாக இருக்கிறதா பாருங்கள். ரெண்டாவதற்கு, கால் முழுக்க நீண்டுவிடாமல் இடுப்பைச் சின்ன அளவு இறக்குங்கள்.

மாடு, குதிரை எல்லாம் எப்படி?

மனுஷ நடை கைவந்த பிறகு. நம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதில் கொடுப்பினை அதிகம், காங்கேயம் காளையை நேரில் பார்க்கலாம், ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போனால் குதிரைச் சந்தையே இருக்கும்.

நடையில் கால் விழும் வரிசை: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். மாட்டுக்கும் குதிரைக்கும் நடையில் இதுவே. அப்புறம், பின்னங்காலில் முட்டி பின்பக்கமாக மடங்குவது மாதிரித் தெரிகிறதே, அது முட்டி இல்லை, கணுக்கால். உண்மையான முட்டி வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. இது தெரியாமல் ரிக்கைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். முன்னங்காலுக்குக் காறை எலும்பு கிடையாது, தோள்பட்டை எலும்பு தசையிலேயே தொங்குகிறது, அதனால் எடை ஒரு காலில் இறங்கும்போது அந்தப் பக்கத் தோள்பட்டை மேலே துருத்தும். காளையின் திமிலுக்குக் கீழே அந்த ஏற்ற இறக்கம் வராவிட்டால் மாட்டுக்கு எடையே இருக்காது.

ரேக்ளாவில் ஓடுவது போல நாலு கால் பாய்ச்சல் வேண்டும் என்றால் முதலில் 1878 இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த குதிரைப் படங்களைத் தேடிப் பாருங்கள். அதுவரை ஓவியர்கள் முன்னங்கால் முன்னாலும் பின்னங்கால் பின்னாலும் நீட்டி அந்தரத்தில் பறப்பதாக வரைந்தார்கள். படத்தில் தெரிந்தது வேறு, குதிரை நாலு காலும் தரையைவிட்டு எழுவது கால்கள் வயிற்றுக்குக் கீழே கூடும் நேரத்தில்.

ரெஃபரன்ஸ் வீடியோ எடுக்கக் கூச்சமாக இருக்கிறது. கட்டாயமா?

கட்டாயம். மொட்டை மாடிக்குப் போங்கள், கதவைச் சாத்துங்கள், நடியுங்கள். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு "அந்தப் புள்ளைக்கு என்னாச்சு" என்று கேட்பார், கேட்கட்டும்.

ஃபோனை எதன் மேலாவது அசையாமல் வையுங்கள், கேரக்டரைப் பார்க்கும் கேமரா எந்தக் கோணத்திலோ அதே கோணத்தில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். பெரும்பாலான ஃபோன்கள் நொடிக்கு 30 பிரேம் எடுக்கும், அதுவும் வெளிச்சத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். அதை அப்படியே 24 பிரேம் சீனில் போட்டால் எல்லாம் முன்னே பின்னே ஆகிவிடும், எடிட்டிங் சாஃப்ட்வேரில் நிலையான 24 க்கு மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். வேறு யாரையாவது எடுக்கிறீர்கள் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். வயலில் வேலை செய்பவரை மறைந்திருந்து படம் எடுப்பது நாகரிகமில்லை, அது போக, கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை செய்து காட்டுவார்கள்.

வீடியோவைப் பார்த்து அப்படியே காப்பியடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் நடிப்பு சுமார் என்றால் பொம்மை நடிப்பும் சுமார்தான். வீடியோவிலிருந்து எடை எப்போது எந்தக் காலுக்கு மாறுகிறது, கண் எப்போது சிமிட்டுகிறது, எது முதலில் அசைகிறது என்ற தகவலை மட்டும் எடுங்கள், போஸை உங்கள் நோட்டில் இன்னும் தூக்கலாக வரைந்துகொள்ளுங்கள்.

பிளாக்கிங்கில் நன்றாக இருந்தது. ஸ்ப்ளைன் செய்ததும் மிதக்கிறதே?

வந்துட்டீங்களா. எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது.

பிளாக்கிங் என்பது முக்கியப் போஸ்களை மட்டும் வைக்கும் முதல் கட்டம். அதில் ஒவ்வொரு போஸும் அடுத்த கீ வரை அப்படியே நிற்கும், நடுவில் நடப்பதை நம் மூளை நிரப்பிக்கொள்ளும். ஸ்ப்ளைன் செய்தவுடன் நடுவை நிரப்புவது கம்ப்யூட்டர். ரெண்டு கம்பத்துக்கு நடுவே தளர்வாகக் கட்டிய கயிறு எப்படித் தொங்குமோ அப்படி, ஒரு போஸிலிருந்து கிளம்பி அடுத்த போஸுக்கு ஒரே சீராகப் போகும், எங்கும் நிற்காது, எங்கும் அவசரப்படாது. அங்கே எடை காணாமல் போகிறது. கம்ப்யூட்டருக்கு உங்கள் பொம்மை எத்தனை கிலோ என்று தெரியாதே.

செய்ய வேண்டியது, கம்பங்களை நெருக்கமாக நடுவது. எந்த ரெண்டு முக்கியப் போஸ்களுக்கு நடுவிலும் நீங்கள் யோசித்து வைத்த ஒரு பிரேக்டவுனாவது (இடைப் போஸ்) இருக்கட்டும், வேகமான இடத்தில் ரெண்டு மூணு பிரேமுக்கு ஒன்று. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போஸைக் காப்பி செய்து சில பிரேம் தள்ளி இன்னொரு கீ வையுங்கள், ஆனால் அந்த ரெண்டுக்கும் நடுவே துளி அசைவு இருக்கட்டும், இல்லையென்றால் செத்துவிடும். பிறகுதான் ஸ்ப்ளைன் பட்டன். அதற்கப்புறமும் எல்லாக் கன்ட்ரோலையும் ஒரேயடியாகத் திருத்தக் கிளம்பாதீர்கள். இடுப்பின் உயரக் கர்வை மட்டும் முதலில் சரி செய்யுங்கள். அது சரியானதும் இடுப்பின் மற்றக் கர்வுகள், அப்புறம் முதுகு, தலை, கடைசியில் கை. கனமான ஆள் நாற்காலியில் உட்காரும்போது இடுப்பு கடைசி நாலஞ்சு பிரேமில் வேகமாக இறங்கி, அடியில் அமுங்கி, ஒரு துளி மேலே வந்து நிற்கும். இந்த ஒரு கர்வில் அவன் 50 கிலோவா 110 கிலோவா என்பது எழுதியிருக்கும்.

ஐகேவா எஃப்கேவா?

ஐகே என்றால் பாதத்தையோ கையையோ ஒரு இடத்தில் வைத்தால் மூட்டுகள் தானாக மடங்கும், எஃப்கே என்றால் தோள், முழங்கை என்று ஒவ்வொரு மூட்டாக நாமே திருப்ப வேண்டும். காலுக்கு ஐகே, ஏனென்றால் பாதம் தரையில் நிற்க வேண்டும். கை சும்மா வீசினால் எஃப்கே, வளைவு அழகாக வரும். கை எதையாவது பிடித்தால், ஊன்றினால் ஐகே. ஒரே ஷாட்டில் மாற வேண்டுமென்றால் கை வேகமாகப் போகும் பிரேமில் மாற்றுங்கள், குதிப்பு தெரியாது.

தமிழ் வசனத்துக்கு லிப்சிங்க் எப்படி? நெட்டில் எல்லாமே இங்கிலீஷ் வாயசைவுச் சார்ட்டாக இருக்கிறது.

சார்ட்டைத் தூக்கிப் போடுங்கள், கண்ணாடி முன்னால் நின்று வசனத்தைச் சொல்லுங்கள். எழுத்துக்கு எழுத்து வாய் வைக்கக் கூடாது, முதல் தப்பே அது. "என்னங்க பண்றீங்க" என்று சாதாரணமாகச் சொல்லும்போது தாடையில் விரல் வைத்துப் பாருங்கள், சொற்ப தடவைதான் தெரிகிற மாதிரி இறங்கும். முதலில் தாடை மட்டும், அப்புறம் உதட்டின் அகலம் குவியல், அதற்கப்புறம் நாக்கு.

தவறவே கூடாதது ப, ம. உதடு முழுக்க மூட வேண்டும், குறைந்தது ரெண்டு பிரேம். "அப்பா", "அம்மா" என்று இரட்டித்தால் இன்னும் அதிக நேரம் மூடியிருக்கும், இங்கிலீஷ் கணக்கில் வைத்தால் "அபா" என்று சொல்வது போலத் தெரிவது இதனால்தான். வ வுக்குக் கீழுதடு மேல்பல்லை நெருங்கும். ல, ள, ழ, ட, ண எல்லாம் நாக்கு உள்ளே செய்யும் வேலை, வெளியே பெரிய வித்தியாசம் தெரியாது, அதற்காக ராத்திரி கண் விழிக்க வேண்டாம். ஊ, ஓ வந்தால் உதடு நன்றாகக் குவியும். ஆனால் "பாட்டு", "காது" என்று சொல்லின் கடைசியில் வரும் உகரத்துக்குக் குவியாது, சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் என்று படித்தது இங்கே வந்து கைகொடுக்கும் என்று எங்கள் தமிழ் டீச்சரே எதிர்பார்த்திருக்க மாட்டார். நம் ஊர்ப் பேச்சில் "வாங்கோ", "சொல்லுங்கோ" என்று கடைசியில் இழுப்போம், அந்த இழுவை முழுக்க உதடு குவிந்தே இருக்க வேண்டும், கூடவே தலையும் லேசாக இறங்கும்.

எல்லாம் முடிந்ததும் மொத்த வாய் அசைவையும் சத்தத்துக்கு ஒரு பிரேம் முன்னால் தள்ளிப் பாருங்கள், பெரும்பாலும் அப்போதுதான் சரியாக உட்காரும். பிளெண்டரில் பிளேபேக் மெனுவில் 'சிங்க் டு ஆடியோ' போட மறக்காதீர்கள். அது இல்லாமல் லேப்டாப் திணறினால் படம் பிந்திவிடும், நீங்கள் இல்லாத தப்பைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

கோவையில் படிக்கலாமா, சென்னை, பெங்களூர் போக வேண்டுமா?

கோவையிலேயே பட்டப்படிப்பும் இருக்கிறது, சர்டிஃபிகேட் கோர்ஸும் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: உங்கள் மாணவர்கள் போன வருஷம் செய்த கேரக்டர் ஷாட்டைக் காட்டுங்கள். போஸ்டர், பேனர், ரிசப்ஷனில் மாட்டிய ஹாலிவுட் படம் எதுவும் வேண்டாம். வெறும் ஷாட். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று போர்டு வைத்த ஒரு இடத்தில், கேரக்டர் அனிமேஷன் யார் எடுக்கிறார் என்று கேட்டதற்கு எனக்குக் கடைசி வரை பதில் வரவில்லை.

அரசுப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சென்னை தரமணியில் எம்ஜிஆர் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அகமதாபாத் என்ஐடி (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), ஐஐடி பாம்பே டிசைன் பள்ளி மாதிரி இடங்களுக்கு நுழைவுத் தேர்வு உண்டு, பிளஸ் டூ முடித்து ஐஐடி டிசைனுக்குப் போக யூசீட் எழுத வேண்டும். வரைவதும் கவனித்துப் பார்ப்பதும் அங்கே மதிப்பெண் வாங்கித் தரும்.

வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

எங்கள் சொந்தத்தில் முக்கால்வாசிப் பேர் இன்ஜினியரிங். கல்யாண வீட்டில் பெரியப்பா "ஏனம்மிணி, கார்ட்டூன் படிச்சு என்ன சம்பளம் வரும்?" என்று சத்தமாகவே கேட்டார். வாக்குவாதம் செய்து பயனில்லை. அவர் தோட்டத்துக் காளை நடப்பதை அனிமேட் செய்து ஃபோனில் காட்டினேன். "முன்னங்கால் எடுத்து வெக்கறது சரியில்லையே" என்று குறை கண்டுபிடித்தார், சரியாகத்தான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஆதரவு. எல்லா வீட்டிலும் இது நடக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் வாயால் விளக்குவதைவிட பத்து நொடி வீடியோ மேல்.

சம்பளம் பற்றி: ஆரம்பத்தில் குறைவு, ஷாட் நன்றாக இருந்தால் ஏறும். ஐடி வேலையோடு ஒப்பிட்டால் மனசு கஷ்டப்படும், ஒப்பிடாதீர்கள்.

ஷோரீலில் என்ன வைக்க?

ஷோரீல் என்பது வேலை கேட்கும்போது காட்டும் நம் ஷாட்களின் தொகுப்பு. ஒரு நிமிஷம் போதும், அதற்குக் குறைந்தாலும் பரவாயில்லை. சிறந்ததை முதலில் வையுங்கள். சுமாரான நாலு ஷாட்டைவிட உருப்படியான ரெண்டு ஷாட் மேல், ஏனென்றால் பார்ப்பவர் உங்களை மதிப்பிடுவது மோசமானதை வைத்துத்தான். பாட்டு போட்டு, பெயரைத் தீப்பொறி பறக்கச் சுழல விட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். கனமான பொருளைத் தூக்கும் ஷாட் ஒன்று, ரெண்டு பேர் பேசும் ஷாட் ஒன்று இருந்தால் போதும், முதலாவதில் உடம்பு தெரியும், ரெண்டாவதில் யோசனை தெரியும்.

மோஷன் கேப்சர், ஏஐ எல்லாம் வந்த பிறகு இது எதற்கு?

மோஷன் கேப்சரில் நடிகர் அசைவதை அப்படியே பதிந்துவிடலாம், உண்மைதான். பதிந்த பிறகு வழுக்கும் பாதத்தைச் சரி செய்வது, 60 கிலோ நடிகரின் அசைவை 300 கிலோ அரக்கனுக்குப் பொருந்த வைப்பது எல்லாம் அனிமேட்டர்தான். ஏஐ வீடியோக்களைப் பார்த்துப் பயம் வராமல் இல்லை, எங்கள் ஹாஸ்டலில் ராத்திரி பேச்சே அதுதான். வெறும் இன்பிட்வீன் (போஸ்களுக்கு நடுவிலுள்ள பிரேம்கள்) போடுகிற வேலை குறையும் என்றே நினைக்கிறேன். ஆனால் "அந்தம்மா குடத்தை இறக்கி வைக்கும்போது கோபத்தில் வைக்கிறார், ஆனால் தண்ணி சிந்தக் கூடாது என்பதும் மனசில் இருக்கிறது" என்று டைரக்டர் சொன்னால், அது எந்தப் பிரேமில் தெரிய வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கத்தான் படிக்கிறேன்.

கரண்ட் போய் ஃபைல் போச்சு, என்ன பண்ண?

பிளெண்டர் என்றால் ஃபைல் மெனுவில் ரெக்கவர், அதற்குள் ஆட்டோ சேவ். அமைப்பை மாற்றாமல் இருந்தால் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகச் சேமித்திருக்கும், பெரிய நஷ்டம் இருக்காது. இனிமேல் ஒரே பெயரில் சேமிக்காமல் கடைசியில் 01, 02 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போங்கள், ஒரு ஃபைல் கெட்டாலும் முந்தியது இருக்கும். "ஃபைனல்", "ஃபைனல் நிஜம்", "ஃபைனல் இதுதான்" என்றெல்லாம் பெயர் வைத்து எனக்கு அனுப்பாதீர்கள், திறக்க மாட்டேன்.